எல்லோரும் வெளியேறும் வரை

துங்காங் மீன் சந்தையில் ஏலம் முடிந்து, ஆட்கள் தரையில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி இரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மாடியில், குளிரூட்டிய சின்ன அறைக்குள் யுவேசின் தன் கைப்பேசியைத் திரும்பத் திரும்பப் பார்த்தபடி நின்றாள். காலையிலேயே கணவனிடமிருந்து வந்த செய்தி அது.

"கப்பல் காவ்சியோங் துறைமுகத்துல நிக்குது. சாயங்காலம் தண்ணி ஏறினதும் கிளம்பும். நீ வந்தா நான் இறங்கிடுறேன். வரலைன்னா கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுறேன்."

அவ்வளவுதான். ஆதெங் கப்பலில் எஞ்சினியர். சூரை மீன் பிடிக்கத் தூரக் கடலுக்குப் போகும் கப்பல். ஒரு முறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் இரண்டு வருஷம் கரை என்பது கனவு. சென்ற முறை அவன் கப்பல் இதே காவ்சியோங்கில் ஒரு மதியம் மட்டும் நின்றது. இங்கிருந்து ஸ்கூட்டரில் ஒரு மணி நேரப் பயணம். யுவேசின் சந்தையை விட்டுக் கிளம்பிப் போய்ச் சேர்ந்தபோது, கப்பல் நின்ற இடத்தில் தண்ணீர்மேல் எண்ணெய் மட்டும் வானவில் நிறத்தில் மிதந்துகொண்டிருந்தது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அவன் அனுப்பும் செய்திகள்தான் ஒவ்வொரு வரியாகக் குறைந்துகொண்டே வந்தன.

அன்று அவளைப் பிடித்து நிறுத்தியதும் இந்த அறைதான். இந்த அறையில் இருக்கும் சர்வர்தான்.

எந்தப் படகு, எந்த மீன், எவ்வளவு எடை, யார் எடுத்தார், என்ன விலை என்று சந்தையின் மூச்செல்லாம் அந்த இரும்புப் பெட்டிக்குள் ஓடும் டேட்டாபேஸில் இருந்தது. அதை எழுப்புவதும் உறங்க வைப்பதும் யுவேசினின் வேலை. பொத்தான் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்ட வேண்டும். அவள் தட்டினால் எழும். வேறு யார் தட்டினாலும் எழாது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. சந்தைக்குக் கணினி வந்த புதிதில் யுவேசின் எடை பதிவு செய்யும் பெண்ணாக இருந்தாள். நிறுவ வந்த ஆள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டான். மறுநாள் ஏலம். மாலை வகுப்பில் கணினி படித்தவள் என்பதால், கையில் கிடைத்ததை வைத்து அவளே முடித்துக் கொடுத்தாள். அவசரத்தில் தன் சொந்தக் கணக்கில் லாகின் செய்து நிறுவிவிட்டாள். டேட்டா இருக்கும் ஃபோல்டர் முழுவதும் அவள் பெயரில் பதிவாகிவிட்டது. அந்த வகை டேட்டாபேஸுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஃபோல்டர் யார் பெயரில் இருக்கிறதோ அவர் சொன்னால்தான் எழும். கணினியையே கட்டி ஆளும் தலைமைக் கணக்கிலிருந்து சொன்னாலும் முடியாது என்று மறுத்துவிடும்.

பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தாள். மாற்றுவதென்றால் சர்வரைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும். ஒரு சீசன் முடிந்தால் அடுத்த சீசன். மகள் படித்து முடித்துத் தலைநகர் தாய்பேய்க்கு வேலைக்குப் போனாள். ஆதெங் கடலில். வீட்டில் யாருமில்லாத அந்த வருஷங்களில், தான் இல்லாவிட்டால் எழாத ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது என்பது அவளுக்கு உள்ளூர இதமாகவும் இருந்தது. கதவு எப்போது பூட்டிக்கொண்டது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒரு முறை அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது, பிரிவுத் தலைவர் லாய் தலைமைக் கணக்கில் நுழைந்து அந்த வரியைத் தானே தட்டிப் பார்த்தார். சர்வர் மறுத்துவிட்டது. அன்றிலிருந்து சந்தையில் ஒரு கதை கிளம்பியது. பெட்டிக்கு யுவேசினை மட்டும்தான் தெரியும், அவள் கையால் வைக்கும் பச்சைப் பைக்குத்தான் அது அடங்கும் என்று.

பச்சைப் பை அந்த ஊரில் எல்லா சர்வர் அறையிலும் உண்டு. தேங்காய் மணக்கும் சோளப் பொரிப் பண்டம். சமர்த்தாக இருக்கச் சொல்லிக் குழந்தையைக் கொஞ்சுவது போன்ற ஒரு பெயர் அதற்கு. பெட்டியின் தலைமேல் வைத்தால் பெட்டி அடம் பிடிக்காது. பச்சையாகத்தான் இருக்க வேண்டும், மஞ்சள் ஆகாது. பிரிக்கக் கூடாது. தேதி தாண்டக் கூடாது. யுவேசின் தேதி தாண்ட விட்டதே இல்லை.

காலையில் செய்தி வந்ததும் அவள் லாயின் அறைக்குப் போய் நின்றாள். அவர் வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் தடவி, ஒரு மீன் வியாபாரி வீட்டுக் கல்யாண விருந்துக்குத் தயாராக இருந்தார்.

"சார், இன்னைக்கு எனக்கு மதியம் லீவு வேணும்."

"இன்னைக்கா? மின்சாரக்காரன் டிரான்ஸ்ஃபார்மர் ஃபியூஸ் மாத்துறான். ரெண்டு மணிக்குக் கரண்ட் போகுது. நிறுத்துறது யாரு, திரும்பக் கிளப்புறது யாரு?"

"சியூமெய்க்குச் சொல்லிக்கொடுத்துட்டுப் போறேன் சார்."

"என்னையே மதிக்கல அது. சியூமெய்யையா மதிக்கப் போகுது?"

"மதிப்பு இல்ல சார். அது எம்பேர்ல பதிவாகி இருக்கு. அதை மாத்திட்டா யாரு வேணாலும்..."

"சூரை சீசன்ல எதையும் மாத்தாதே தாயி. பச்சைப் பை வச்சியா?"

"வச்சிட்டேன் சார்."

"தேதி?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன. கரண்ட் வந்து அது எழுந்ததும் நீ பறந்து போ. நான் தடுக்கல. உன் புருஷனுக்கு என்னோட வணக்கத்தைச் சொல்லு. ஆனா ஒண்ணு, யாரையும் வெளிய தள்ளிட்டு நிறுத்தாதே. நம்ம பழக்கம் தெரியும்ல?"

லாய் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். யுவேசினின் அம்மா இறந்தபோது சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர். புத்தாண்டுக்கு அவளுக்குப் பணம் வைத்துத் தரும் சிவப்பு உறை மற்றவர்களுடையதைவிடத் தடிமனாக இருக்கும். அவரிடம் முரண்டு பிடிக்க அவளுக்கு வாய் வந்ததில்லை.

அவர் சொன்ன பழக்கம் இது. அந்த டேட்டாபேஸை மூன்று விதமாக நிறுத்தலாம். ஒன்று, புதிதாக யாரையும் உள்ளே விடாமல், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் தாங்களாக வெளியேறும் வரை காத்திருந்து நிற்பது. இரண்டாவது, எல்லோரையும் உடனே துண்டித்து, பாதியில் இருக்கும் வேலையை ரத்து செய்துவிட்டு ஒழுங்காக நிற்பது. மூன்றாவது, நெஞ்சு வலி வந்தவன் போல அப்படியே விழுவது. கரண்ட் போனால் அதுதான் நடக்கும். பிறகு எழும்போது பழைய காயங்களையெல்லாம் தடவிப் பார்த்துத்தான் எழும்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு நாள் இரண்டாவது விதத்தில் நிறுத்தப்போய், ஒரு வியாபாரி பாதி பதிவு செய்திருந்த ஏலம் ரத்தாகி, மீன் கொக்கியோடு அடிதடி ஆகிவிட்டது. அன்றிலிருந்து சந்தையில் முதல் விதம்தான். எல்லோரும் வெளியேறும் வரை காத்திருக்க வேண்டும். யுவேசின் காத்திருந்தாள். சென்ற முறை கப்பல் வந்தபோதும் அப்படித்தான், யாரோ ஒருவர் வெளியேறவில்லை.

இப்போது ஏலம் முடிந்துவிட்டது. யுவேசின் எடைக் கவுண்டருக்கு ஃபோன் செய்தாள். "எல்லாரும் வெளிய வந்துடுங்க. நிறுத்தப் போறேன்." பிறகு அந்த வரியைத் தட்டினாள். திரையில் காத்திருக்கிறேன் என்று எழுதி, அதன் பின்னால் ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டே போனது சர்வர்.

புள்ளிகள் நீண்டன. நிற்கவில்லை. சற்று நேரத்தில், சர்வர் நிற்க மறுக்கிறது என்று திரை சொன்னது. அதற்குக் கீழே வழக்கமான அந்தக் குறிப்பு: அவர்களாக வெளியேறக் காத்திருக்க வேண்டாம் என்றால், உடனே துண்டிக்கும் வழி இருக்கிறது.

இத்தனை வருஷமாக ஒவ்வொரு முறையும் அந்தக் குறிப்பு வந்திருக்கிறது. அவள் ஒரு முறைகூட அதை யோசித்துப் படித்ததில்லை.

உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள். ஒரே ஒரு இணைப்பு. முகவரியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. லாயின் அறைக் கணினி. திரையைத் திறந்தபடியே விட்டு, கதவைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு விருந்துக்குப் போயிருந்தார்.

அவருக்கு ஃபோன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். கல்யாண மண்டபத்தில் இந்நேரம் மேடையில் யாராவது பாடிக்கொண்டிருப்பார்கள், தட்டு தட்டாக நண்டு வந்துகொண்டிருக்கும். அவர் இடுப்புப் பையில் கைப்பேசி துடித்தது யாருக்குக் கேட்கும்?

சியூமெய் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். எடைக் கவுண்டரில் வேலை பார்ப்பவள், நாற்பது தாண்டியவள். ரப்பர் பூட்ஸைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, மின்சார வண்டி வந்துடுச்சு. ஏணி போட்டுட்டான். நின்னுடுச்சா?"

"நிக்கல. லாய் சார் உள்ள இருக்கார்."

"அவர் கல்யாணத்துல இருக்கார்."

"இங்கேயும் இருக்கார். போகும்போது வெளிய வரல."

சியூமெய் சிரித்தாள். யுவேசினின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "அண்ணன் கப்பல் இன்னைக்குத்தானே அக்கா?"

யுவேசின் மேசைப் பக்கம் திரும்பினாள். திரையைப் பார்த்தாள். அந்தக் குறிப்பு அப்படியே இருந்தது. துறைமுகத்தில் ஒரு மனிதன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். மகளுக்காகக் காத்திருந்தாள், அம்மாவுக்காகக் காத்திருந்தாள், சந்தைக்காகக் காத்திருந்தாள். எல்லோரும் அவரவர் நேரத்துக்கு எழுந்து போனார்கள். கடைசியில் விளக்கை அணைக்க அவள் மட்டும் உள்ளே நின்றாள்.

கண்ணீர் கன்னத்தில் இறங்க, அவள் அந்த வரியின் கடைசிச் சொல்லை மாற்றித் தட்டினாள்.

ஒரே ஒரு புள்ளி வந்தது. நின்றுவிட்டேன் என்றது சர்வர்.

"என்ன அக்கா பண்ணீங்க?"

"லாய் சாரை வெளிய அனுப்பிட்டேன்."

சியூமெய் வாயில் கை வைத்தாள். ஆனால் யுவேசின் அதோடு நிறுத்தவில்லை. கரண்ட் போக இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. தலைமைக் கணக்கில் நுழைந்து, சந்தையின் பெயரிலேயே புதிதாக ஒரு கணக்கை உண்டாக்கினாள். டேட்டா ஃபோல்டர் முழுவதையும் தன் பெயரிலிருந்து அதன் பெயருக்கு மாற்றினாள். பெருமூச்சு விடும் நேரத்தில் முடிந்துவிட்டது. இதற்குத்தான் இத்தனை வருஷம். பிறகு தன் மதியச் சாப்பாட்டு டப்பாவின் அட்டை மூடியைக் கிழித்து, அதன் பின்புறம் புதுக் கணக்கின் பாஸ்வேர்டையும், எழுப்பும் வரியையும் பெரிய எழுத்தில் எழுதிச் சியூமெய்யிடம் நீட்டினாள்.

"கரண்ட் வந்ததும் இதை இப்படியே தட்டு."

"நானா? அக்கா, எனக்கு எடை மெஷினைத் தவிர எதையும் ஆன் பண்ணத் தெரியாது."

"வீட்டுல ரைஸ் குக்கர் ஆன் பண்றது யாரு?"

"அது தப்புப் பண்ணா கஞ்சி ஆகும். இது தப்புப் பண்ணா நான் கஞ்சி ஆவேன்."

"ஒண்ணும் ஆகாது. ஃபோன்ல இருக்கேன்."

"பச்சைப் பையை நான் தொடலாமா?"

"தொடு, தொடாம இரு. அது சும்மா பொரி."

சொல்லிவிட்டாளே தவிர, போகும்போது அவளே அந்தப் பையைச் சற்று நேராக வைத்துவிட்டுத்தான் போனாள்.

ஸ்கூட்டரில் பெரிய பாலத்தைக் கடக்கும்போது காற்று பக்கவாட்டில் அடித்தது. லாரிகள் அவளை உரசிக்கொண்டு போயின. பாலம் முடிந்து, தொழிற்சாலைக் குழாய்கள் தெரியும் இடத்துக்கு வந்தபோது கைப்பேசி அடித்தது. ஒரு பாக்குக் கடை ஓரமாக வண்டியை நிறுத்தினாள்.

"அக்கா, கரண்ட் வந்துடுச்சு. நீங்க எழுதினபடியே தட்டினேன். எழுந்திருக்கல."

யுவேசின் கைப்பேசியைக் காதோடு அழுத்தினாள். "என்ன சொல்லுது? அப்படியே படி."

"எழுத அனுமதி இல்லையாம். பக்கத்துல உங்க பேரு வருது. அக்கா, இது இன்னும் உங்களைத்தான் கேக்குது."

அதற்குள் யாரோ கைப்பேசியைப் பிடுங்கினார்கள். லாயின் குரல். பின்னணியில் அவர் மூச்சிரைப்பு.

"யுவேசின், எங்கே இருக்கே? ஏற்றுமதிக்காரன் கீழே ஐஸ் வண்டியோட நிக்கிறான். நான்தான் சொன்னேனே, அது உன்னை விடாது. திரும்பி வா."

அவள் திரும்பிப் பார்த்தாள். பாலம் வெயிலில் நீண்டு கிடந்தது. இந்தப் பக்கம் ஒரு சாலை, அந்தப் பக்கம் ஒரு சாலை. சென்ற முறையும் இப்படி ஒரு ஃபோன் வந்தது. அன்று அவள் வண்டியைத் திருப்பிச் சந்தைக்குப் போய், எல்லாம் முடித்த பிறகுதான் மறுபடி கிளம்பினாள்.

"பையை எதாவது பண்ணினியா நீ?" என்றார் லாய்.

"சார்."

"சொல்லு."

"இன்னைக்குக் கடைசி வரைக்கும் உள்ளே இருந்தது நீங்கதான். வெளிய வராம கதவைப் பூட்டிட்டுப் போயிட்டீங்க. கரண்ட் போக இருந்துச்சு. நான்தான் உங்களை வெளிய அனுப்பினேன்."

அவர் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

"ஃபோனைச் சியூமெய்கிட்ட கொடுங்க சார்."

வாழ்க்கையில் முதல் முறையாக அவரிடம் அவள் அப்படிப் பேசினாள். அவர் கொடுத்துவிட்டார்.

யுவேசின் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் கறுப்புத் திரையை மனதுக்குள் விரித்தாள். ஃபோல்டரை மாற்றியாகிவிட்டது. வேறு எதில் தன் பெயர் ஒட்டியிருக்கிறது? எழும்போது சர்வர் தன் தினப்படிக் குறிப்புகளை எழுதும் லாக் ஃபைல். அது டேட்டா ஃபோல்டரில் இல்லை. ஆரம்ப நாளில் அவசரத்தில் அதைத் தன் சொந்த ஃபோல்டரில் வைத்தவளும் அவள்தான். புதுக் கணக்கு அதற்குள் நுழைய முடியாமல் வாசலில் நிற்கிறது.

"சியூமெய், நான் எழுதின வரியோட கடைசியைப் பாரு. எம்பேர் வருதா? அங்கேருந்து முடிவு வரைக்கும் அழி. அதுக்குப் பதிலா நான் சொல்றதை ஒவ்வொரு எழுத்தா தட்டு."

சொன்னாள். சியூமெய் ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுவது கேட்டது.

"தட்டிட்டேன். புள்ளி போடுது அக்கா. இன்னொண்ணு. இன்னொண்ணு." பிறகு சியூமெய் மெதுவாக, கோயிலில் பேசுகிறவள் போலச் சொன்னாள்: "எழுந்துடுச்சு அக்கா. நீங்க இல்லாமலே எழுந்துடுச்சு."

கீழே எடைக் கவுண்டரில் யாரோ கைதட்டுவது ஃபோனில் கேட்டது. யுவேசின் ஸ்கூட்டர் கைப்பிடியில் தலையைச் சாய்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். பாக்குக் கடைப் பெண் பதறிப்போய்த் திசுக்காகிதத்தோடு ஓடி வந்தாள்.

"அத்தை, யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. எல்லாம் நல்லா ஓடுது."

"அப்புறம் எதுக்கு அழறீங்க?"

"அதான் தெரியல."

துறைமுகத்தை அடைந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. கப்பல் இருந்தது. கயிறுகள் இன்னும் அவிழ்க்கப்படவில்லை. கப்பல் முதலாளியின் ஏஜென்ட் கரையில் குடைக்கடியில் காகிதத்தோடு உட்கார்ந்து வெறுப்பில் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே, ஒரு மூட்டையின் மேல், எண்ணெய் படிந்த பனியனோடு ஆதெங். காது ஓரமெல்லாம் நரைத்திருந்தது. அது அவளுக்குத் தெரியாத நரை.

"வந்துட்டே," என்றான்.

"கையெழுத்து?"

ஏஜென்ட் முந்திக்கொண்டார். "எங்கம்மா போட்டார்? நான் கொடுக்கிற எந்தப் பேனாவும் எழுதலையாம். மதியத்திலேருந்து பேனா மாத்திக்கிட்டே இருக்கேன். உங்க வீட்டுக்காரருக்கு எந்தக் கம்பெனி பேனாதான் பிடிக்கும்?"

ஆதெங் தலையைக் குனிந்துகொண்டான். யுவேசின் அவன் கையைப் பிடித்தாள். கல் போல இருந்தது உள்ளங்கை.

அப்போது மேல்தளத்திலிருந்து கேப்டன் எட்டிப் பார்த்துக் கத்தினார். "ஆதெங், மேல வாய்யா. ஜெனரேட்டர் கிளம்ப மாட்டேங்குது. கோ என்னென்னமோ பண்ணிப் பார்த்துட்டான். உன்னைத் தவிர யாருக்கும் அடங்காது இந்தச் சனியன்."

புதிதாக ஏறிய எஞ்சினியர்தான் கோ. ஆதெங்கைவிட இரண்டு வயது மூத்தவர். என்ஜின் அறைச் சன்னல் வழியாக வியர்த்த முகம் தெரிந்தது. ஆதெங் தன்னை அறியாமல் எழுந்துவிட்டான். படிக்கட்டை நோக்கி ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டான்.

யுவேசின் அவன் பனியனைப் பின்னாலிருந்து பிடித்தாள். "மேல போனீங்கன்னா இறங்க மாட்டீங்க."

"கொஞ்ச நேரம்தான்."

"நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். இங்கேருந்தே சொல்லுங்க."

"கரையிலேருந்தா?"

"நான் பாலத்துக்கு இந்தப் பக்கத்திலேருந்து சொன்னேன். எழுந்துடுச்சு."

ஆதெங் அவளைப் பார்த்தான். பிறகு கப்பலைப் பார்த்தான். இரண்டு கையையும் வாயைச் சுற்றிக் குவித்துக்கொண்டு கத்தினான்.

"கோ அண்ணே, ஃபில்டர் மாத்தினீங்கள்ல? டீசல் குழாய்ல காத்து மாட்டியிருக்கும். அந்தச் சின்ன நட்டைத் தளர்த்துங்க. கைப் பம்பை அடிங்க. நுரை நிக்கிற வரைக்கும் அடிங்க. அவசரப்படாதீங்க."

"நுரை வருதுப்பா."

"வரட்டும். சுத்த டீசல் வந்ததும் நட்டை இறுக்கிட்டுக் கிளப்புங்க."

கோ சன்னலிலிருந்து உள்ளே மறைந்தார். பிறகு கப்பலின் வயிற்றுக்குள் ஏதோ இருமியது. மறுபடி இருமியது. புகைக்குழாயிலிருந்து கறுப்புப் புகை குபுக்கென்று எழும்பி, மெல்ல வெளுத்தது; ஜெனரேட்டர் சீராக ஓட ஆரம்பித்தது. கோ சன்னலிலிருந்து கையை ஆட்டினார். ஏஜென்ட் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

ஆதெங் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் இல்லாமலே ஓடுது பாரு."

"ஓடும்."

"ஒரு மாதிரி இருக்கு."

"எனக்கும் இருந்துச்சு. பாக்குக் கடை வாசல்ல உக்காந்து அழுதேன்."

அவளுடைய கைப்பேசி அடித்தது. திரையில் லாயின் பெயர். ஆதெங்கின் முகம் மெல்லச் சுருங்கியதை அவள் பார்த்தாள். அவள் எடுத்தாள்.

"சார், நான் கப்பல்கிட்ட இருக்கேன்."

"தெரியும், தெரியும். எல்லாம் நல்லா ஓடுது. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பச்சைப் பையை இனிமே சியூமெய் மாத்தலாமா, இல்ல அதுக்கு நீதான் வரணுமா?"

யுவேசின் ஆதெங்கைப் பார்த்தாள். பல வருஷங்களுக்குப் பிறகு அவன் எதிரில் நின்று சிரித்தாள்.

"நீங்களே மாத்தலாம் சார். தேதியை மட்டும் பார்த்துக்கங்க."

கயிறுகளை அவிழ்த்தார்கள். ஆதெங் தன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறினான். கப்பல் நகர்வதை அவன் திரும்பிப் பார்த்தான். அவள் தடுக்கவில்லை. அது கண்ணிலிருந்து மறையும் வரை வண்டியைக் கிளப்பாமல் நின்றாள்.